நடுச்சுவரில் விழுந்த வெட்டு

அந்த ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து ரத்தம் வந்தது ஒரு புதன்கிழமை. அன்று தக்காளி விலையும் ஏறியிருந்ததால் தெருவில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நடந்தது இவ்வளவுதான்: கீழ்த்தளத்தில் ஆளுக்கோர் அறையில் வைத்தியம் பார்த்துவந்த அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள், தம்பி விட்டெறிந்த கத்தி அக்காவின் காதோரம் பறந்து, நடுச்சுவரைக் கதவிலிருந்து ஜன்னல்வரை கிழித்தது. சுண்ணாம்புக்கு அடியில் சதை தெரிந்தது.

பகை பழையது. வெட்டுக்காயம் எதுவானாலும் அக்கா தையல்தான் போடுவார். தம்பி வெளியூரில் படித்துவிட்டுத் தோல் பசையோடு வந்திறங்கினார். ஊசி வேண்டாம், நூல் பிரிக்க மறுபடி வர வேண்டாம், தானே உதிர்ந்துவிடும் என்றார். அவர் ஒட்டிய முழங்கால் ஒன்று வாசற்படி இறங்குவதற்குள் பிளந்துகொண்டபோது, அக்கா அந்த ஆளை ஊர்வலம் போலத் தன் அறைக்கு நடத்திப் போனார். அக்கா தைத்த ஒரு சிறுமியின் நெற்றிக் கீறலுக்குத் தம்பி தண்டவாளம் என்று பெயர் வைத்துப் பல வருடம் சிரித்தார். பேச்சுவார்த்தை நோயாளிகள் வழியாகத்தான். "உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க, துணி தைக்கிற கடை அடுத்த தெருவுல இருக்குன்னு."

கொத்தனார் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுல சிமெண்ட் பிடிக்காதுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று போய்விட்டார்.

மாடி முழுக்க அந்தச் சுவர்மேல்தான் நின்றது. மாடியில் இடுப்பெலும்பு முறிந்த அம்மா படுத்திருந்தார். இருவரில் யார் பக்கமும் இறங்கி வரமாட்டேன் என்பது அவருடைய சபதம். கீழே கதவு அறையப்படும் ஒவ்வொரு முறையும் வெட்டு வாய் பிளந்தது, கட்டில் சாய்ந்தது.

அக்கா முழு வெட்டையும் தைத்தார். கதவுப் பக்கம் கெட்டியாக நின்றது. ஜன்னல் பக்கம் சுவர்த்தோல் தாள் மாதிரி இருந்ததால் நூல் அறுத்துக்கொண்டு வந்தது. தம்பி தையலைப் பிரித்து எல்லாவற்றையும் ஒட்டினார். ஜன்னல் பக்கம் தழும்பே தெரியவில்லை. கதவுப் பக்கம், கதவை ஒருமுறை அறைந்ததுமே விட்டுப்போனது. அப்படியும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. தம்பி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் களிம்பு தடவினார். களிம்பு பட்டால் பசை இளகும் என்பது தம்பியே பீற்றிக்கொண்ட பாடம்.

இளகியது. சுவர் முழுசாகத் திறந்தது. மேலே கட்டில் உருண்டு ஜன்னலில் போய் முட்டியது.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொல்லப் போறீங்களா?" என்று அம்மா கத்தினார். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று அக்காவுக்கு உறைத்தது.

தம்பி ஓடிவந்தார். "கையில என்ன?"

"களிம்பு."

"அடிப்பாவி!"

"கத்தியை வீசுனவன் பேசாதேடா. ஜன்னல் பக்கம் நீ ஒட்டு. அங்க ஊசி நிக்காது."

"கதவுப் பக்கம் நீ தை. அது இழுக்கிற இடம், பசை தாங்காது." அதைச் சொல்லும்போது தம்பியின் முகம் கசப்பு மருந்து குடித்தது போலானது. "நான் ஒட்டுறப்ப ஓரத்தைச் சேர்த்துப் பிடி. விரலை நல்லாத் தொடைச்சுக்கோ."

அக்கா தைத்தார், பிறகு பிடித்தார். தம்பி வெட்டின் உள்ளே ஒழுகாமல் மேலாக ஒட்டினார். முடிந்தபோது இருவர் விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுத்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அக்கா இடது கையால் அந்தக் களிம்பையே எடுத்துத் தடவ வேண்டியிருந்தது. நன்றி சொல்லப்படவில்லை.

அறைவதை இருவராலும் நிறுத்த முடியாததால் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். இப்போது வசவு தெருவரை தெளிவாகக் கேட்கிறது. சுவரில் பாதி வழவழப்பு, பாதி தண்டவாளம். குளிர் நாட்களில் தழும்பு அரிக்கும் என்பதால், காத்திருக்கும் நோயாளிகள் போகிற போக்கில் அதைச் சொறிந்துவிடுகிறார்கள். யாரும் இல்லாத நேரத்தில் அக்கா ஜன்னல் பக்கம் சொறிகிறார். கதவுப் பக்கம் ஏற்கெனவே யாரோ சொறிந்திருப்பது பசை ஒட்டிய நகத்தடத்தில் தெரியும்.