சமையலறைக்கு மட்டும் ஒரு ஸ்பீக்கர்

"இந்த விலை தகுமா, நீ சொல்லு" என்று என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவர் என் கணவர். கேட்டது ஒரு ஸ்பீக்கர் செட்டைப் பற்றி.

அவர் பெயர் குமாரசுவாமி. திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். என் பெயர் தேவசேனா. எங்கள் கல்யாணத்தில் இந்தப் பெயர்ப் பொருத்தத்தைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. "வள்ளி எப்போ வரா?" என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்கள். வள்ளி வரவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஸ்பீக்கர் வந்தது.

அதற்கு முன்னால் அவர் சென்னையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் சமைக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் பந்தியைப் பற்றிப் பேசவில்லை, பாயசத்தைப் பற்றிப் பேசவில்லை.

"ஹால்ல பாடறவன் பாத்ரூம்லயும் பாடறான்டி. ஒயரே கிடையாது. நாம எங்க போனாலும் கூடவே வரான்."

"பாத்ரூம்ல எதுக்குன்னா வரணும்?"

"ஒனக்கு எல்லாத்துக்கும் எதுக்கு."

கத்தரிக்காயில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறையுமா என்று மார்க்கெட்டை இரண்டு முறை சுற்றுகிற மனிதர், தன் மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்கிற ஒரு பொருளுக்காக அரக்கோணம் சாலையில் உள்ள கடைக்குத் தினமும் போய் நின்றார். கடைக்காரர் பெயர் சேட்டு. பெயர்தான் சேட்டு, ஊர் கனகம்மாசத்திரம். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒரு நாள் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாமி, ஆடிக் கிருத்திகை முடியற வரைக்கும் வூட்ல வெச்சிக் கேளுங்க. புடிச்சா காசு. புடிக்கலன்னா நானே வந்து எடுத்துகினு போயிடறேன்."

அப்போதுதான் என் கணவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நான் ஆசைப்பட்டுட்டேன். ஆசைப்பட்டவன் நியாயம் சொல்லக் கூடாது. சமைக்கறவன் ருசி பார்க்கறானோ? அந்த மாதிரிதான். நீ கேட்டுட்டு சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு."

நான் சரியென்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் எதையும் ருசி பார்க்கிற வழக்கம் இல்லை. மலை மேலே மடைப்பள்ளியில் அவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பார். சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் ஒரு துளி படக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. வீட்டிலும் எனக்கு அதே சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உப்பைக் கையளவில்தான் அறிவேன். படைத்து, அவர் சாப்பிட்டு, "இன்னிக்கு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்ன பிறகுதான் அது தூக்கல் என்று எனக்கே தெரியும். இதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் ஒன்றைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டவுடன், அபிப்பிராயம் எங்கே இருக்கும் என்று மனத்துக்குள் தேடிப் பார்த்தேன். தாம்பாளத்தை எங்கோ வைத்துவிட்டு அலமாரி அலமாரியாகத் தேடுவோமே, அப்படி.

சேட்டு ஸ்பீக்கர்களை வைத்தார். எங்கள் வீடு நீளவாக்கு வீடு. முன்னால் கூடம், கடைசியில் பூஜையறையும் சமையலறையும் ஒட்டினாற்போல். அதற்குப் பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், கரும்பும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிற பெருமாளுடைய வீடு. கூடத்தில் சிடி பிளேயர் பக்கத்தில் சேட்டு ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்.

"இந்தப் பொட்டி சொல்லும். அந்த மூணு ஸ்பீக்கரும் அப்படியே திருப்பிச் சொல்லும். அவ்ளோதான் சாமி விஷயம். போடட்டுமா?"

"இருங்கோ" என்றார் என் கணவர். "படைக்காம எப்படிக் கேக்கறது?"

சேட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஒரு ஸ்பீக்கர் பூஜையறையில் முருகன் படத்துக்கு எதிரே வைக்கப்பட்டது. அதற்குச் சந்தனம், குங்குமம். மற்ற இரண்டையும் என் கணவர் அணைத்தார். கூடத்தில் பக்திப் பாடல் சிடியை ஓடவிட்டு, பூஜையறைத் திரையை இழுத்து மூடினார். பிறகு எங்களையெல்லாம் தெருவுக்கு விரட்டினார்.

"சாமி, கேக்காம எப்படி சாமி டெமோ குடுக்கறது?"

"மொதல்ல அவர் கேக்கட்டும். அப்புறம் நாம."

தெருவில் மூன்று பேரும் நின்றோம். சேட்டு வாட்சைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தார். அடுப்பில் பாலை வைத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினேன். கூடத்தில் சிடி சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் சமையலறைக்குள் கால் வைத்ததும், பூஜையறைச் சுவருக்கு அப்பாலிருந்து டண்டணக்கா என்று ஒரு மேளம். அதன் மேலே ஒரு பெண் குரல், இடுப்பை ஒடித்துக்கொண்டு பாடுகிற குரல். அசல் சினிமாக் குத்துப் பாட்டு. மூடிய திரைக்குப் பின்னால் முருகன் அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலை இறக்கினேன். வந்தது பயமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. தெருவுக்குத் திரும்பினேன்.

"கேட்டுண்டிருக்காரா?" என்றார் என் கணவர்.

"நன்னாக் கேட்டுண்டிருக்கார்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே போய் மணி அடித்துத் திரையை விலக்கியபோது ஸ்பீக்கரிலிருந்து வேலும் மயிலும்தான் வந்துகொண்டிருந்தன. அவர் கற்பூரம் காட்டினார். சேட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சொன்னால் நம்புவார்களா? எனக்கே பாதி நம்பிக்கைதான்.

பிறகு அந்த ஸ்பீக்கர் கூடத்துக்கு வந்தது. கூடத்தில் இரண்டு, சமையலறையில் ஒன்று என்று ஏற்பாடு.

இப்போது என் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருட்டு, புகைபோக்கி சரியில்லை, வெயில் காலத்தில் கொதிக்கும். ஆனால் கூடத்தில் பேசுவது அங்கே எட்டாது. அவர் கூப்பிட்டால் 'ம்' என்று ஓர் ஓசை மட்டும் வந்து சேரும், வார்த்தை வராது. அந்தத் தூரத்தில்தான் நான் எனக்கென்று இருந்தேன். நறுக்கும்போதும் அரைக்கும்போதும் என் யோசனைகள் தாமாகவே எங்கேயோ போய்விட்டு, சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வரும். அவர் வாங்க நினைத்தது ஸ்பீக்கரை. எனக்கு வரப்போவது, என் சமையலறைக்குள் அவர் கூடம்.

முதல் நாள் காலையில் அப்படித்தான் வந்தது. அவர் கூடத்தில் நாகஸ்வரம் போட்டார். என் தலைக்கு மேலே அது வாசித்தது. கோபத்தோடு கேட்க ஆரம்பித்தேன். கோபம் நிற்கவில்லை. வாசிக்கிறவர் ஒரு வரி முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு கேட்டது. எங்கள் வீட்டுப் பழைய டேப்பில் அவர் மூச்சே விடாமல்தான் இவ்வளவு காலமும் வாசித்திருந்தார். பருப்பைக் கடைவதை நிறுத்திவிட்டு நின்றேன். இது நல்ல பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல பொருளா என்பதும் எனக்கு வேண்டுமா என்பதும் ஒரே கேள்வி இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் மலைக்குப் போய்விட்டார். கூடத்தில் சிடி அணைந்திருந்தது. வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் ஸ்பீக்கர் தானாகப் பாடியது. அதே இடுப்பொடிந்த குரல். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், மதிலுக்கு மேலே பாஞ்சாலியின் தலை. பெருமாளின் மனைவி.

"மாமி! உங்க வூட்லயும் சேட்டு இன்னாவோ வெச்சிட்டுப் போயிருக்காராமே?"

"ஆமாம். உங்க வீட்லயுமா?"

"ஆங்! அதே மிசினு. வெச்ச அன்னிக்கே இன்னா ஆச்சு தெரியுமா? கொட்டாய்ல வெச்ச ஸ்பீக்கரு, நாங்க ஒண்ணும் போடாமலே, வேல் வேல்னு பாட ஆரம்பிச்சிட்ச்சு. எங்க வூட்டுக்காரரு மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தவரு, சாமி வந்துட்ச்சுன்னு கற்பூரம் ஏத்திட்டாரு. மாட்டுக்கும் சேத்து காட்னாரு!"

எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னேன். எங்கள் பெட்டி சொல்வதை அவர்கள் ஸ்பீக்கரும், அவர்கள் பெட்டி சொல்வதை என் ஸ்பீக்கரும் திருப்பிச் சொல்கின்றன. எந்தப் பெட்டி பக்கத்தில் இருக்கிறதோ அதன் பேச்சுக்குத்தான் மரியாதை. வீட்டுக் கடைசியில் இருக்கிற என் சமையலறைக்குக் கூடத்தைவிட பாஞ்சாலிதான் பக்கம். முருகனுக்குப் போன பாட்டைப் பற்றியும் சொன்னேன். பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மதிலுக்குக் கீழே மறைந்துவிட்டாள். வெகு நேரம் மேலே வரவில்லை.

அதன் பிறகு, கழனி ஆட்களுக்குச் சாப்பாடு அனுப்பிவிட்டு பாஞ்சாலி பாட்டுப் போடுகிற நேரம், என்னுடைய நேரமும் ஆனது. முதலில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் மதிலோரம் வந்து "மாமி, இது எப்டி?" என்பாள். "நன்னாத்தான் இருக்கு" என்பேன்.

"எல்லாத்தையும் நல்லாகீதுன்றீங்களே மாமி. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. நானா பாடினேன், கோச்சிக்கறதுக்கு?"

ஒரு நாள் துணிந்து சொன்னேன். "அந்த ஆம்பளை அழுதுண்டே பாடறானே, அது வேண்டாம்." சட்டென்று பாட்டு மாறியது. நான் சொன்னதும் உலகத்தில் ஒன்று மாறியது. அதற்குப் பிறகு எனக்கு வெட்கமில்லை. "இது வேண்டாம், இன்னும் மெதுவா இருக்கறது போடு. அந்தக் குழல் வரதே, அதைத் திரும்பப் போடு." நாக்கில் படாமலே எத்தனையோ வருஷம் சமைத்தவளுக்குக் காதில் ருசி வந்தது. எனக்குக் குழல் பிடிக்கும். அழுகிற ஆண்கள் பிடிக்காது. முருகன் கேட்ட அந்தக் குத்துப் பாட்டு, ஐயோ, ரொம்பப் பிடிக்கும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகள் மலையேறி இறங்கின. கூட்டம் வடிந்த மறுநாள் சேட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். என் கணவர் ஊஞ்சலில்.

"பெருமாள் அண்ணன் வூட்ல வாங்கிக்கறேன்னுட்டாங்க" என்றார் சேட்டு. "ஆனா ரெண்டு வூட்டுப் பாட்டும் கலக்குதாமே? என் தப்புதான். பொட்டி பின்னால சின்ன சுவிச்சு இருக்குது, ரெண்டையும் ஒரே நம்பர்ல வுட்டுட்டேன். உங்களுத மாத்திட்டா வெளிப்பாட்டு ஒண்ணுகூட உள்ள வராது."

ஒன்றுகூட வராது. விலை தகும் என்றால் அந்தச் சுவிட்சு மாறும், என் தலைக்கு மேலே கூடம் வந்து உட்காரும். தகாது என்றால் ஸ்பீக்கரே போய்விடும். எப்படிச் சொன்னாலும் பாஞ்சாலியின் பாட்டு இல்லை.

"சொல்லு" என்றார் என் கணவர். "தகுமா, தகாதா?"

"கூடத்துக்குத் தகாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க பாதி நேரம் ஊஞ்சல்ல தூங்கறேள். அதுக்குப் பழைய டேப் போதும். சமையலறைக்குத் தகும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"ஸ்பீக்கரு மட்டுமா?" சேட்டு எழுந்தே விட்டார். "சொல்ற பொட்டி இல்லாம அத வெச்சிகினு இன்னா மாமி பண்ணுவீங்க? யாரு பாடுவாங்க?"

"பாஞ்சாலி போடுவா. நான் கேப்பேன். சுவிட்சை மட்டும் தொடாதீங்கோ."

ஊஞ்சல் நின்றது. என் கணவர் மெதுவாக யோசிப்பவர், ஆனால் விடாமல் யோசிப்பவர்.

"அங்கேர்ந்து சமையலறைக்கு வரதுன்னா... பூஜையறை அதுக்குப் பக்கம்தானே. அன்னிக்குத் திரையை மூடிட்டு..." என்னைப் பார்த்தார். "என்ன பாட்டு?"

"குத்துப் பாட்டு."

அவர் எழுந்து பூஜையறைக்குப் போனார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. சேட்டு என்னிடம், "நான் வேணா அப்பறமா வரட்டா மாமி?" என்றார் சின்னக் குரலில்.

திரும்பி வந்தவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். "படைச்சாச்சே" என்றார். "படைச்சதைத் திரும்ப எடுக்க முடியாதே."

"அப்போ அதுதானேன்னா பிரசாதம்?" என்றேன். "உங்க சிடிதான் இன்னும் படைக்காதது. இத்தனை நாளா அதையா கேட்டுண்டிருந்தேள்?"

சேட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. என் கணவர் சாமி இருக்கிற பக்கம் ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவர் வாயோரம் நெகிழ்ந்தது.

"வள்ளிக்காகக் கிழவேஷம் போட்டு ஆடினவர். இதுக்கா கோவிச்சுக்கப் போறார்? அதுவும் கோபம் தணிஞ்ச ஊர்ல." சேட்டுவிடம் திரும்பினார். "அவ கேட்ட ஒண்ணை மட்டும் வெச்சுட்டுப் போங்கோ."

"செட்டப் பிரிச்சா மீதிய நான் யார் தலையில கட்டறது சாமி?"

அதற்கும் வழி பிறந்தது. பெருமாள் வீட்டுக்கு இரண்டு போதும்; மாட்டுக்கொட்டாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம் என்று பெருமாள் சொல்லிவிட்டார், அதைப் பார்த்தாலே அவருக்குக் கற்பூர ஞாபகம். அந்த மூன்றாவது என் சமையலறைக்கு வந்தது; அதற்கு உரிய பணத்தை என் கணவர் கொடுத்தார். எங்கள் செட்டு முழுசாகப் பெட்டிக்குள் போனது. சந்தனத்தைத் துடைக்க வேண்டாம், ராசியாக இருக்கும் என்று சேட்டு சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, மலையில் அவருக்கு முறை இல்லாத நாள். பாட்டு நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார். குழல் வாசித்துக்கொண்டிருந்தது. கேட்டார். பிறகு என்னைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். கையில் அவருடைய பக்திப் பாடல் சிடி.

"பாஞ்சாலி, இதையும் நடுவுல ஒரு தடவை போடேன்மா."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "நான் போட்டுடுவேன் சாமி. மாமிய ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சிடியைக் கையில் பிடித்தபடி. நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவசரப்படவில்லை. அந்தக் குழல் பாட்டு முடிந்து, வாசித்தவர் ஓய்ந்து மூச்சு வாங்கும் வரைக்கும் கேட்டேன்.

"மொதல்ல ஒரு வரி போடச் சொல்லுங்கோ" என்றேன். "கேட்டுட்டுச் சொல்றேன்."