மூன்று வாளி கடல்தண்ணீர்

"தாடையைக் கட்டிட்டியா கண்ணு? தலையைச் சுத்தி முடிச்சுப் போடோணும்," என்று மேசைமேல் கிடந்த ஃபோனிடம் சொன்னார் ஜபருல்லா.

"கட்டிட்டேனுங்க அங்கிள்," என்றான் மறுமுனையில் சாய்சரண். அவன் பற்கள் தந்தியடிப்பது கோட்டைமேட்டு வீடு வரைக்கும் கேட்டது.

சஃபியா ஒரு கண்ணை ஃபோனிலும் மற்றதை உள்ளறைக் கதவிலும் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் அம்மா சாஜிதா பேகம் மாத்திரை போட்டுக்கொண்டு பகல் தூக்கத்தில் இருந்தாள். இருதய ஆபரேஷன் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் சஃபியாவின் அண்ணன் ஆஸிம் இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. "அடக்கம் முடியட்டும், நானே சொல்றேன்," என்றிருந்தார் அத்தா ஜபருல்லா. அதற்குள் அம்மா விழித்துக்கொண்டால்?

அந்தமானுக்கும் அப்பால், ஆள் குடியில்லாத ஒரு தீவில் ஆஸிமுக்கு வேலை. கடலாராய்ச்சி நிலையம் என்று பெயர்தான் தடபுடல். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு மெஷின், அவ்வளவுதான். மெஷினின் மோட்டார் நின்று நான்கு நாளாகியும் சரிசெய்ய ஆள் வரவில்லை. எரிந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிற ஜபருல்லாவின் மகன் சும்மா இருப்பானா? ஈரத் தரையில் உட்கார்ந்து கை வைத்தான். கரண்ட் இழுத்துக்கொண்டது.

கொந்தளிக்கிற கடலில் படகு வர மூன்று நாளாகுமாம். உடம்பை வைக்க ஐஸ்கூட இல்லை. அங்கேயே அடக்கம் செய்ய வயர்லெஸ்ஸில் அனுமதி வந்திருந்தது. தீவில் மிச்சம் இருந்தது இரண்டே பேர்: பீளமேட்டுக் கல்லூரியில் ஆஸிமோடு படித்த சாய்சரண், சமையல்காரர் வெங்கடபதி. அவர்கள் குடிக்க அரை டிரம் தண்ணீர்.

"டிரம் தண்ணியிலயே குளிப்பாட்டறேனுங்க அங்கிள். நாங்க எப்படியாச்சும் சமாளிச்சுக்கறோம்."

"வேண்டாம் கண்ணு. அது உங்க உசுருக்கு. கடல் தண்ணி சுத்தம்தான், பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன். முஸ்லிம் ஆளில்லாத எடத்துல நீயே செய்யலாம்னும் சொல்லிட்டாரு."

கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல். அதுதான் சஃபியாவை இன்னும் பயமுறுத்தியது. இந்த மனுஷன் எப்போது உடையப்போகிறார்?

"சேட்டிலைட் ஃபோன்ல சார்ஜ் பதினொண்ணு பர்சென்ட்தான் இருக்குதுங்க. ஜெனரேட்டரைத் தொடவே பயமா இருக்குது. சீக்கிரம் சொல்லுங்க."

"இடுப்புத் துணியை எடுக்காத. மொதல்ல தலை, அப்புறம் வலது பக்கம், அப்புறம் இடது. மூணு வாளி. பதறாமச் செய்யி."

வாளி தரையில் உராய்ந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதா? பாதியில் போனால் அண்ணன் அப்படியே கிடப்பானே என்று சஃபியா குனிந்து ஃபோன் திரையைப் பார்த்தாள்.

"அங்கிள்..." சாய்சரண் அழுதுகொண்டிருந்தான். "தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குதுங்க. ஊத்த மனசு வரலீங்க. கொஞ்சம் சூடு பண்ணட்டுங்களா?"

ஜபருல்லா வாயைத் திறந்தார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. தானாவது ஏதாவது சொல்லவேண்டும் என்று தவித்த சஃபியாவின் தோளில் ஒரு கை விழுந்தது.

அம்மா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. முக்காட்டை ஒழுங்காகப் போட்டிருந்தாள். அம்மா சஃபியாவையும் பார்க்கவில்லை, அத்தாவையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சூடு பண்ணு கண்ணு," என்றாள். "கை பொறுக்கற அளவு போதும். அவனுக்கு ரொம்பச் சூடு ஆகாது."

"சரிங்கம்மா."

அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் காய்வதற்குக் காத்திருந்தார்கள்.