ஒருநாள் பிந்தும் ட்ரம்பெட்

1964 மாசி மாதத்திலிருந்து, கண்டி காணிக் கந்தோர் கிளாக்கர் வரதராசாவின் ட்ரம்பெட்டில் சத்தம் சரியாக ஒருநாள் பிந்தி வந்தது. இன்று நாலு மணிக்கு ஊதினால், நாளை நாலு மணிக்கு அதே இடத்தில், ஆளில்லாமலே கேட்கும். ட்ரம்பெட்டைக் கழுவிப் பார்த்தார். டொக்டரிடமும் போனார். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சு நேரத்துக்குத்தான் வருகிறது என்றார். அதன்பின் முதல்நாளே தனியாகப் போய் ஊதிவைத்துவிட்டு, நிகழ்ச்சியன்று கை சும்மா இருந்ததால் குச்சியைப் பிடித்து, பித்தளை வாத்தியக் குழுவின் மற்ற மூவரையும் நடத்தினார். அவர் குழுத் தலைவரானது இப்படித்தான். மனைவி றீற்றா ஹோர்ன், அலவத்துகொட மர்சூக் ட்ரொம்போன், ஹந்தானைத் தோட்டத்து மூக்கையா டியூபா.

வானொலிக்காரர்கள் இவர்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதும் தவறினால் குழுவைக் கலைப்பதென்று முடிவு. தேர்வு சனிக்கிழமை. ஆனால் வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் தெல்தெனிய இராமையா வீட்டுக் கலியாணம். வேறு வழியில்லாமல் வரதராசா கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறி, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று ஊதினார். சத்தமே இல்லை. பாதியில் பெண்ணின் தகப்பன் இராமையா வந்து கையைப் பிடித்தார்.

"மூச்சில்லாம பாடுபடுறீங்களே ஐயா. வாங்க, மொதல்ல சாப்பிடுங்க."

மறுக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஊதினார். மாலையில் றீற்றாவிடம் உள்ளதைச் சொன்னார்.

"நடுவில பதினொரு நிமிசம் வடை சாப்பிட்டிட்டன்."

றீற்றா துடைத்துக்கொண்டிருந்த ஹோர்னைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அந்த நேரம் நாங்கள் என்ன செய்யிறது?"

"சும்மா இருப்பம்."

சனிக்கிழமை, உருப்படியின் நடுவில் ட்ரம்பெட் நின்றது. வரதராசா தூக்கிய குச்சியோடு அப்படியே நின்றார். மற்ற மூவரும் மடியில் வாத்தியத்தை வைத்துக் காத்திருந்தார்கள். வியர்வை அவர் கழுத்துப்பட்டிக்குள் இறங்கியது.

"வடையாச்சும் நல்லா இருந்துச்சா மாஸ்டர்?" என்று மூக்கையா மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் அழுதாள். பன்னிரண்டாவது நிமிடம் ட்ரம்பெட் சாப்பிட்ட தெம்போடு திரும்பி வந்தது. முன்பாதியைவிட நன்றாகவே இருந்தது. வானொலி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"இந்த மௌனத்துக்கு எத்தினை வருசம் பழகினியள்?"

வரதராசாவுக்குப் பொய் வராது. "வெறும் வயித்தில இது வராது, ஐயா."

குழு தேர்வானது. அவர்களின் ஒலிபரப்பில் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு மரக்கறி விலை வாசித்தார்கள்.

1979இல் மூக்கையாவின் மகளின் கலியாணப் பத்திரிகையில் 'வாசிப்பு வியாழன், சத்தம் வெள்ளி' என்று அச்சடித்திருந்தது. யாரும் அதை அச்சுப்பிழை என்று நினைக்கவில்லை. வியாழக்கிழமை தோட்டத்து லய வீடுகளின் முற்றத்தில் வரதராசா தனியாக நின்று ஊதிக்கொண்டிருந்தபோது, தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நாளைய பாட்டைக் கலைக்காமல் ஓரமாக நடந்து போனார்கள்.