ஒற்றை இழை முடிச்சு

1

கதை கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிய்ந்த செருப்பைத் தைக்கக் கயிறு கேட்டு ஒரு வலைக் கொட்டகைக்குப் போனேன். இழுவலையின் கழுத்தில் பெரிய ஓட்டை.

"இதைத் தைக்கலையா?"

"அது ஆமைக்கு வச்ச வாசல்," என்றார் வலை தைப்பவர்.

வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பு. மீன் கம்பி இடுக்கில் நுழைந்து வலையின் அடிப்பைக்குப் போகும். ஆமை தடுப்பில் முட்டி, வாசல் வழியே தப்பும். வாசலை அடைத்தால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

செருப்பை மறந்தேன்.

2

கடல் அன்று அமைதியாக (வேண்டாம். அது எப்படி இருந்தால் எனக்கென்ன?)

வலை தைப்பவளுக்கு ஒரு தம்பி. (நிஜத்தில் அவர் ஆண். ஆனால் தம்பியை மிரட்ட அக்காவை விட்டால் ஆள் ஏது?) தம்பிக்குப் படகு இருந்தது. வலையில் வாசல் இருக்கிறதா என்று பார்க்க வந்த சோதனை அதிகாரி தலை மறைந்ததும் வலையைக் கொண்டுவந்து போட்டான்.

"அந்த வாசலைக் கட்டிடுக்கா. மீனெல்லாம் அது வழியாப் போயிடுது."

"போன வாரம், வாசல் வைக்கறதுக்கு முந்தி, இந்த வலையிலேருந்து செத்த ஆமையை அறுத்தெடுத்தது யாரு? நீயா, நானா?"

"நீ கட்டலேன்னா அடுத்த கொட்டகையில கட்டப்போறாங்க. எனக்கும் வீட்ல மூணு வயிறு இருக்குல்ல?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் ஊசியை எடுத்தாள்.

3

நைலானுக்குப் பதில் பருத்தி நூலால் கட்டினாள், அது நனைந்து இற்றுவிடும் என்று எழுதினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. கொட்டகைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன்.

"பருத்தி நனைஞ்சா இன்னும் கெட்டியாகும்ங்க. உங்க ஆமை செத்துடுச்சு."

வெட்கமாகிவிட்டது. அடித்துவிட்டுத் திருத்தினேன்: பொட்டலம் கட்டும் நூலைப் பிரித்து, ஒற்றை இழையை மட்டும், வலை நைலான் மாதிரியே தெரிய, பச்சைச் சாயத்தில் தோய்த்துக் கட்டினாள். மீன் உரசினால் தாங்கும். ஆமை மோதினால் அறும்.

தம்பி பார்த்தான். இழுத்துப் பார்க்கவில்லை. அக்கா போட்ட முடிச்சை அவன் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. அதுதான் அவளைக் குத்தியது. (இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.)

4

படகு திரும்பியது. தம்பி அறுந்த நூலை அவள் மேசையில் வைத்தான்.

முதல் முடிவு: இனி நீ யாரோ நான் யாரோ என்று கத்திவிட்டுப் போகிறான். இரண்டாவது: ஆமை நீந்திப் போனதைப் பார்த்து மனம் மாறுகிறான். (படிக்க இனிக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

என் கையில் மிஞ்சியது இதுதான்.

"இன்னிக்கு மீன் பாதிதான்க்கா. திரும்பக் கட்டு. இந்தத் தடவை நான் இழுத்துப் பாப்பேன்."

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மேசையில் நைலான் கண்டும் இருக்கிறது, பொட்டல நூலும் இருக்கிறது. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

எனக்குச் செருப்பு தைக்கிற வேலை பாக்கி. ஊசியை நீங்கள் எடுங்கள்.