பின்சீட்டு இல்லாத வண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் டவுன் பஸ்ஸில். பக்கத்து சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் இருந்தாள். மஞ்சுளா என்றாள். அவள் சொன்னது பாதி. மீதி நான் கட்டியது.

2

'ஜீன்ஸ் பிராண்டும் பைக் கம்பெனியும் சேர்ந்து விட்ட அந்த ஸ்பெஷல் எடிஷன் வண்டி, வெயிலில் தகதகவென்று...'

(இப்படித்தான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருந்தது.)

மஞ்சுளாவின் கணவன் இளவழகன், போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் மாசக்கணக்கில் வீடு திரும்பாதவன். அங்கிருந்தே போனில் படம் பார்த்து வண்டியை புக் செய்தான். "இந்தத் தடவை உன்னப் பின்னால வெச்சு ஊரெல்லாம் சுத்தறேன் புள்ள!" படத்தில் ஜெர்கின் போட்ட மாடல் ஒருவன் வண்டியின் பின்பாதியை மறைத்து நின்றிருந்தான்.

இன்று காலை ஷோரூமில் துணியை விலக்கினார்கள். ஜீன்ஸ் துணியில் தைத்த சீட்டு. ஒருவர் மட்டுமே உட்காரலாம்.

"பின்சீட்டு எங்கீங்க?"

"இதுக்கு வராதுங்க சார். டிசைனே அப்படித்தான்."

இளவழகன் முகம் தொங்கிப்போனது. "ஏம்புள்ள, வேண்டாம்னு சொல்லிரட்டா?"

மஞ்சுளாவுக்கும் பொசுக்கென்றுதான் இருந்தது. ஆனால் வடக்கே வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கியவன் அவன்.

"அட, நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் பஸ்ல வாரேன்."

3

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.)

பஸ் கிளம்பியது. அவன் முந்திப் போகவில்லை. ரோடு குறுகினால் பின்வாங்குவான், அகலமானால் மறுபடி அவள் ஜன்னலோரம் வந்து சேருவான். கல்யாணமானதிலிருந்து பழைய வண்டியில் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். ஓட்டும்போது அவன் முகம் எப்படியிருக்கும் என்று இன்றுதான் பார்க்கிறாள்.

முகம் மூடாத ஹெல்மெட்டுக்குள் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"பாருங்க, தனியாப் பேசிட்டு வாராரு," என்றாள் என்னிடம். ஜன்னல் கம்பியைப் பிடித்து இன்னும் குனிந்து பார்த்தாள். "தனியா இல்லீங்க. இத்தன வருசமும் எங்கிட்டத்தான் பேசியிருக்காரு. காத்துல ஒண்ணுமே எனக்குக் கேக்கலீங்க."

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் இளவழகன் பட்டறையில் கொடுத்துப் பின்சீட்டு வைத்துவிடுகிறான். ஸ்பெஷல் எடிஷன் போச்சு. இன்னொன்றில் வண்டியை விற்றுவிட்டு... (வேண்டாம்.)

நடந்தது இதுதான். அடுத்த ஸ்டாப்பில் மஞ்சுளா எழுந்தாள்.

"இன்னும் ஊர் வரலியேம்மா?" என்றேன்.

"என்ன பேசறாருன்னு கேக்கோணுமுங்க."

இறங்கிவிட்டாள். அவன் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் கிட்டே போய் நின்றாள். அவன் வாயைத் திறந்தான். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

எனக்கு டிக்கெட் நாமகிரிப்பேட்டை வரைக்கும். கேட்கவேண்டுமென்றால் நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள்.