ஒன்றின் மூக்கு

என் தங்கை பஸ் ஓட்டுகிறாள். லீவு கிடைத்தால் என் டயர் கடையின் பின்பக்கம் வந்துவிடுவாள். அங்கே சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்ற ஒரு பழைய காரை அவளே கழற்றி, அவளே பூட்டி, எஞ்சினை ஓட வைத்திருந்தாள். அறுபத்தொன்றாம் வருடத்து வண்டி. பழைய கார் கண்காட்சியின் கூடத்துக்குள் அது நிற்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு ரிம்மும் அந்தக் காலத்ததாக இருக்கவேண்டும். பின்னால் வந்த நகல் என்றால் வெளியேதான் இடம்.

அவள் கணவர் பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு ரிம்மை உருட்டிக்கொண்டு வந்தார். எதிலும் கம்பெனிப் பெயர் இல்லை.

"எந்த வண்டியோடது மாப்பிள்ளை?"

"வட்டமா இருக்கு மச்சான். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

ஐந்து துளை ரிம்மை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு துளை என்றால் எதிரெதிராக இருக்கும். குறுக்கே டேப்பை வைத்தால் முடிந்தது. ஐந்தில் எந்தத் துளைக்கும் நேர் எதிரே துளை கிடையாது. அதனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, ஒன்று புள்ளி ஏழால் பெருக்கவேண்டும். துளைகள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய வந்துவிடும். பெருக்கினோம். காரில் சக்கரம் மாட்டும் ஹப்போடு பொருந்தியது. தங்கை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பிறகு துருவைத் தேய்த்தேன். 199 என்று குத்தியிருந்தது. இந்த வகை ரிம்மில் முதலில் மாதம், அடுத்து வருடம். ஜனவரி, தொண்ணூற்றொன்பது.

"நகல்மா," என்றேன். சொல்லவே நாக்கு கசந்தது.

"வெளியில நின்னா கார் என்ன கறுத்தா போயிடும்?" என்றார் மாப்பிள்ளை.

"கார் கறுக்காதுங்க. என் மூஞ்சிதான் கறுக்கும்," என்றாள் தங்கை.

அவள் மனம் ஆறாமல் குனிந்து, குத்தியிருந்த எண்களை விரலால் தடவினாள்.

"அண்ணா, ஒன்னுங்கிற எண்ணுக்கு மூக்கு எங்க இருக்கும்?"

"மேல, இடது பக்கம்."

"இதுல கீழ இருக்கே. அதுவும் வலது பக்கம்."

சக்கரத்துக்கு ஏது தலை, ஏது கால்? சுவரில் சாய்ந்திருந்த ரிம்மை அது நின்றபடியே படித்துவிட்டேன். அவள் அதை அரைச்சுற்று உருட்டினாள். மூக்கு மேலே போனது. ஒன்பதுகள் இரண்டும் ஆறுகளாகி முன்னால் வந்தன. 661. ஆறாம் மாதம், அறுபத்தொன்று!

"தலைகீழா நின்னிருந்தாலும் எனக்கு இது தோணியிருக்காதும்மா," என்றேன்.

"தலைகீழா நின்னிருந்தா அப்பவே சரியாப் படிச்சிருப்பீங்க மச்சான்."

மற்ற மூன்றையும் தேய்த்தோம். மாதம் முன்னே பின்னே இருந்தது. வருடம் எல்லாவற்றிலும் அறுபத்தொன்றுதான்.

டயர் போட்டு மாட்டி, வண்டியைக் கண்காட்சி வாசலுக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் டார்ச் அடித்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். எண்ணைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிம்மை யார் அடையாளம் கண்டது?"

"நான்தான்," என்றாள் தங்கை. வண்டியைக் கட்டியவளும் அவள்தான் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கூடத்துக்குள்ள, முதல் வரிசை. ஆளுக்கொரு கை போட்டுத் தள்ளுங்க."

"தள்ளவா?" தங்கை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போதும்."