சுழல்கதிரையில் ஹலீம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஒல்லாந்தர் காலத்துக் கல்வீட்டில் எந்தப் புதுக் கதிரையை வைத்துப் படமெடுத்தாலும், அதில் ஹலீம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வாழைச்சேனையிலிருந்து பலநாள் மீன்பிடிப் படகில் போன ஹலீம் காணாமல்போய் அப்போது எட்டு மாதம். படமெடுத்தவள் அவருடைய மனைவி நிஸ்றா. காத்தான்குடித் தளபாடக் கடையொன்றின் முகநூல் பக்கத்துக்காக, காறை உதிர்ந்த கல்சுவர்களின் முன்னால் இரும்புக்கால் கதிரைகளையும் கண்ணாடி மேசைகளையும் வைத்துப் படமெடுப்பது அவள் தொழில். வெறுங்கண்ணுக்குக் கதிரை காலியாகத்தான் இருந்தது. படத்தில் ஈரச் சாரனும், பிடரியில் தூண்டில் கிழித்த தழும்பும் தெரிந்தன. பிறகு கதிரையைத் தொட்டால் கையில் உப்புத் தண்ணீர் பட்டது.

“தங்கச்சி, நான் விக்கிறது கதிர. உங்கட மாப்பிள்ளைய இல்ல” என்று கடைக்கார அம்ஜத் படங்களைத் திருப்பி அனுப்பினார். ஆள் இருக்கிற கதிரைதான் வசதியாகத் தெரிகிறதென்று வாங்குபவர்கள் சொன்னதும் அவற்றையே பக்கத்தில் போட்டார்.

அவளுடைய ஊரான ஓட்டமாவடியில் யாரும் அதை அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. படகு பிளந்து கரையொதுங்கியிருந்தது, கூடப்போன இருவரை அடக்கியுமாயிற்று. ஹலீமும் மௌத்துத்தான், வெள்ளிக்கிழமையிலிருந்து நிஸ்றா கைம்பெண்ணுக்குரிய இத்தா இருக்க வேண்டுமென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. இருந்துவிட்டால் அவரை மௌத்தாக்கியது தான்தான் என்றாகிவிடும் என்ற எண்ணமே அவளைத் தின்றது.

“முதுகப் பாத்து மாப்பிள்ளயெண்டு சொல்ல ஏலுமா, புள்ள?” என்று அவளைப் பெற்ற ஆமினா உம்மா கேட்டார்.

வியாழக்கிழமை நிஸ்றா கடையிலிருந்து ஒரு சுழல்கதிரையைக் கல்வீட்டுக்குக் கொண்டுபோனாள். முதல் படத்தில் அதே முதுகு. அவர் வீட்டிலும் இப்படித்தான் வாசலைப் பார்த்தபடி இருப்பார் என்பதும், போகாதீங்க என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தன. இப்போது சொன்னாள். அடுத்த படத்தில் கதிரை நாலு விரல் அளவு திரும்பியிருந்தது. சொல்லிச் சொல்லி எடுத்தாள். முப்பத்தோராவது படத்தில் முகம் வந்தது. அதை ஊர் மௌலவிக்கு அனுப்பினாள். அவர் உடனே அழைப்பெடுத்தார்.

“ஹலீம்தான், மகள். ஆனா மூச்சு இரிக்கா இல்லையா எண்டு படத்தில விளங்காதே.”

நிஸ்றா வீடியோ எடுத்தாள். வெளிச்சம் மங்கும்வரை எடுத்தாள். அதில் காலிக் கதிரை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வெள்ளை உடுத்தினாள். ஈரம் காயாத கதிரையை விற்க முடியாதென்று அம்ஜத் அதை அவளுக்கே அனுப்பிவைத்தார். அறை மூலையிலும் அது சொட்டியது. ஆமினா உம்மா முதல் வாரம் ஓதி ஊதினார், இரண்டாம் வாரம் துடைத்தார், மூன்றாம் வாரம் அடியில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்து, காலையில் அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினார். நிஸ்றா சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது மூச்சுப்போல ஒரே சீராக இருந்தது.

இத்தா முடிந்த அன்று அயல்பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சுழல்கதிரையை இழுத்து உட்காரப் போனாள்.

“அதில வேணாம், அங்கால இரிங்க” என்றார் ஆமினா உம்மா, சட்டியைக் காலால் உள்ளே தள்ளியபடி. “அதில ஆள் இரிக்கி.”